மூன்று பெட்டி ஐஸ்

ஜூலை 8, செவ்வாய். காலை 6.10. வைத்திக்குப்பம் கடற்கரை. இப்போதே புழுக்கம்.

சோதனைக்கு வந்த மீன்காரப் பெண்கள் 11. எல்லாரும் இரண்டு திரையிலும் முயன்றார்கள். என் திரையில் ஐஸ் கேட்டு முடித்தவர்கள் 2. கூட வேலை செய்யும் அருள் திரையில் 9.

இத்தனைக்கும் வேலை ஒன்றுதான். மறுநாளுக்கு எத்தனை பெட்டி ஐஸ் வேண்டும் என்று முந்தின மாலை போனில் சொல்ல வேண்டும். என் திரை: எண்ணைத் தட்டு, பிறகு 'உறுதி செய்' பொத்தான். அவன் திரை: வரிசையாகக் காலிப் பெட்டிப் படங்கள். தொட்டால் நிறையும், மறுபடி தொட்டால் காலியாகும். வேறொன்றும் கிடையாது. நான் நாலு வருஷம் கம்ப்யூட்டர் படித்தவன். அவன் படித்தது ஓவியம்.

காமாட்சி அக்கா என்னிடம் போனைத் திருப்பிக் கொடுத்தார்: "இன்னா சார், ஐஸு கேட்டா பரிட்சை வெக்கிறீங்க?" எல்லாரும் சிரிப்பு. அருளும்.

அவன் மணலில் உட்கார்ந்திருந்தான். அவன் 'தம்பி'. நான் 'சார்'. இரண்டு பேருக்கும் ஒரே வயது.

திங்கட்கிழமை இந்த மீன்காரப் பெண்களின் சங்கம் ஒரு திரையைத் தேர்ந்தெடுக்கும். எவன் திரையோ, இதையே காரைக்காலில் தொடங்கும் பொறுப்பும் அவனுக்கே.

ஜூலை 9, புதன். உப்பளம் ஆபீஸ். ஏசி ரிப்பேர்.

நேற்றைய பதிவுகளைப் பார்த்தேன். அருள் திரையில் தவறிய இரண்டு பேரும் ஒரே பெட்டியை ஒரே நொடியில் இரண்டு முறை தொட்டதாக இருக்கிறது. ஏன்?

பாட்டில் தண்ணீரில் விரலை நனைத்து அதே போனில் தொட்டுப் பார்த்தேன். பத்துக்கு நாலு முறை ஒரு தொடுதல் இரண்டாகப் பதிவாகிறது. பெட்டி நிறைந்த உடனே காலி. மீன் விற்பவர்களுக்குக் கை எப்போது காய்ந்திருக்கும்? என் திரையில் கடைசியில் உறுதி கேட்பதால் தப்பு தெரிந்துவிடும். இதில் தெரியாது.

பக்கத்து மேஜையில் அருள், பப்ஸ் தின்றுகொண்டு: "இன்னாடா, கைய நனைச்சிக்கினு விளையாடற?"

"சும்மா" என்றேன்.

ஜூலை 10, வியாழன். மாலை மேகம், மழை இல்லை.

முதல் முறையாக நிஜ ஆர்டர், அருள் திரையில். சங்கச் செயலாளர் அவன் முதுகில் தட்டினார். காமாட்சி அக்கா கூடை கழுவிய கையோடு மூன்று பெட்டி தொட்டு, நிறைந்ததா என்று பார்க்காமலே போனை மடியில் செருகினார். நான் பத்தடி தள்ளி நின்றேன். சொல்லியிருக்கலாம். அந்தத் தட்டு என் முதுகில் விழுந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஜூலை 11, வெள்ளி. கொளுத்தும் வெயில்.

காமாட்சி அக்காவுக்கு ஐஸ் வரவில்லை. பதிவில் பூஜ்யம். பக்கத்தில் விற்கும் பெண் ஒரு வாளி கொடுத்தும் போதவில்லை. பத்து மணிக்கே ஒரு கூடை சங்கரா மீனுக்குக் கண் வெளுத்துவிட்டது; இனி யாரும் வாங்க மாட்டார்கள்.

அருளைப் பார்த்ததும் காமாட்சி அக்கா துண்டால் ஒரு அடி. "எடுபட்ட பயலே! உன் பொம்மைய நம்பி ஒக்காந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்! நாளைக்கு நீ இந்தக் கூடையத் தூக்கிக்கினு தெருத்தெருவா வாடா!"

"வரேங்க்கா. என் தப்புதாங்க்கா."

"மூஞ்சப் பாரு. துன்னியா, இல்லியா?"

அவன் இல்லை என்று தலையாட்ட, தன் தூக்குச்சட்டியைத் திறந்து அவன் முன்னால் வைத்தார். திட்டு மட்டும் நிற்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்: "நீங்க இன்னாத்துக்கு சார் வெயில்ல நிக்கிறீங்க? ஆபீசுக்குப் போங்க."

செயலாளர் போன்: "திங்கட்கிழமை உங்க திரையவே போட்டுடலாம்." கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் பொறாமை இப்போது அந்தத் துண்டடி மேல்.

செய்ய வேண்டியவை:
1. அருள் திரையில் அரை நொடிக்குள் வரும் இரண்டாவது தொடுதலைத் தள்ளிவிட வேண்டும். இன்றைக்கே. ஈரக் கையால் நூறு முறை சோதனை.
2. புதன்கிழமையே எனக்குத் தெரியும் என்று செயலாளரிடம் சொல்ல வேண்டும். காரைக்கால் பொறுப்பு போகும். போகட்டும்.
3. அருளிடமும். அடித்தால் வாங்கிக்கொள்.
4. காமாட்சி அக்காவிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும். அருள் கூட வரக் கூடாது. அந்தத் திட்டு எனக்கு மட்டும்.