வாப்பா கேட்ட கேசட்

ரங்கூன், 12.9.1997

அன்பு வாப்பாவுக்கு அஜ்மல் ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டுவலிக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா?

கேசட் விஷயமாக எழுதியிருந்தீர்கள். நம் கீழக்கரை சங்கு குளிப்பைப் பற்றி டிவியில் ஒரே ஒருமுறை போட்டபோது பதிவு செய்து, நான் இங்கே வரும்போது நீங்கள் கொடுத்தனுப்பிய படம். "அதில் உன் உம்மா உன்னைக் கூப்பிடும் குரல் இருக்கு, அவள் இறந்த நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குள் அனுப்பு" என்று கேட்டிருந்தீர்கள்.

அனுப்புமுன் ஓட்டிப் பார்க்கலாமென்று வீடியோ கடை கோ மியோவிடம் கொண்டுபோனேன். நாடாவெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. "இந்த ஊர் மழைக்கு மாசம் ஒருதரமாவது ஓட்டணும். நீ இதை ஓட்டவே இல்லையே?" என்றார்.

அவர் சொன்னது நிஜம், வாப்பா. ஒவ்வொரு பெருநாளுக்கும் பார்த்தேன் என்று எழுதினேனே, அத்தனையும் பொய். அறையில் வீடியோ டெக் கிடையாது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றே நாலு வருஷம் போய்விட்டது.

மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள், துடைத்துப் பார்ப்பதாக கோ மியோ சொல்கிறார். டிவிக்காரர்களுக்கும் எழுதினேன், பதில் வரவில்லை.

பர்கத்துல்லா மச்சான் வரும்போது கொஞ்சம் மாசிக் கருவாட்டுத்தூள் கொடுத்தனுப்புங்கள். உம்மா இடிப்பது போல வராது, கடைச்சரக்கே போதும்.

தபாலுக்கு நேரமாகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். படத்தில் உம்மா என்னை எப்படிக் கூப்பிடுவார்கள், அப்படியே எழுதுங்கள். படம் பிடித்த அன்று நான் பந்தாடப் போயிருந்தேன். டிவியில் போட்ட அன்றும்.

உங்கள் மகன்
அஜ்மல்