பன்னிரண்டு ஏக்கர்

பால்டிமோர்,
மார்ச் 6, 2022

அன்புத் தங்கை அராபாவுக்கு,

எசுவேக்ரோமில் உன் வீட்டில் தங்கிய பத்து நாள் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. உன் கென்கேயும் மீன் குழம்பும் இங்கே யாருக்கும் செய்ய வரவில்லை.

நல்ல செய்தி. எங்கள் சபையில் கிளினிக் கட்ட ஒப்புக்கொண்டுவிட்டார்கள். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் உங்கள் கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் பிள்ளைகள் கட்டுவது. உங்கள் தலைவர் நானா பன்னிரண்டு ஏக்கர் தருகிறார். யாரும் பயிரிடாத புதர்க்காடாம். பிரசவத்துக்குத் தனி அறை வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். உன் மருமகள் எசியை நினைத்துத்தான்.

உன் அக்கா,
வெரோனா

எசுவேக்ரோம்,
மே 19, 2022

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைச் சர்ச்சில் வாசித்தேன். எசியை மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன என் மகன் எழுந்து வெளியே போய் அழுதான். பாதி வழியிலேயே தாயும் பிள்ளையும் போனதை அவன் மறக்கவில்லை.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்தப் புதர்க்காடு என் மரவள்ளித் தோட்டம். என் வீட்டுக்காரர் திருத்திய நிலம். சர்வே கல் நட்டுவிட்டார்கள். அரண்மனைக்குப் போய்க் கேட்டேன். தலைவரின் பேச்சாளர், "அமெரிக்காக்காரி கேட்ட நிலம். அவகிட்டயே போய்க் கேளு"ன்னார். கொழுந்தன் எக்கோவ் இரண்டு கல்லைப் பிடுங்கினார். போலீஸ் கூட்டிப்போயிருக்கிறது.

கிளினிக் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ரோட்டோரம் இரண்டு ஏக்கர் போதாதா? நீங்கள் வந்து, அரண்மனையில் என் பக்கத்தில் நின்று அதைச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள். சீக்கிரம் வாருங்கள் அக்கா.

உங்கள் தங்கை,
அராபா

பால்டிமோர்,
ஜூலை 2, 2022

அன்புத் தங்கைக்கு,

எனக்குத் தலை நிமிரவில்லை. கரோலினாவில் என் அப்பாவின் நிலத்தையும் இப்படித்தான் ஒரு காகிதத்தைக் காட்டி எடுத்துக்கொண்டார்கள். அதையே நான் உனக்குச் செய்யமாட்டேன்.

சபையில் பேசினேன். அங்கே போய்ச் சண்டைக்கு நடுவில் நிற்கவேண்டாம் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். வக்கீலும் அதையே சொன்னார். ஆகவே பன்னிரண்டு ஏக்கரையும் வேண்டாமென்று நானாவுக்கு எழுதி, பத்திரத்தையும் திருப்பி அனுப்பிவிட்டோம். கிளினிக்கை வேறு ஊரில் பார்க்கிறார்கள்.

உன் நிலம் இனி உனக்கு. எக்கோவ் வீடு திரும்பியிருப்பார் என்று நம்புகிறேன். இரண்டு வரி எழுது.

அன்புடன் உன் அக்கா,
வெரோனா

எசுவேக்ரோம்,
செப்டம்பர் 23, 2022

வெரோனா அம்மாவுக்கு,

எக்கோவ் வந்துவிட்டார். ஸ்டேஷனில் அடித்ததில் இடது காது கேட்பதில்லை.

உங்கள் பத்திரம் வந்த இரண்டாவது வாரம், அதே பன்னிரண்டு ஏக்கரை நானா வேறொருவருக்குக் கொடுத்தார். அவரும் உங்களைப் போலக் கடல் தாண்டித் திரும்பி வந்தவர்தான். விருந்தினர் விடுதி கட்டுகிறார். நல்ல மனிதராகத்தான் பேசினார். துணி துவைக்கும் வேலை தருகிறேன் என்றார்.

போன வியாழக்கிழமை புல்டோசர் வந்தது. டிரைவர் பக்கத்து ஊர்க்காரர். "அத்தை, எவ்வளவு கிழங்கு முடியுமோ பிடுங்கிக்கோங்க. டீசல் தீர்ந்துபோச்சுன்னு மத்தியானம் வரைக்கும் சொல்லிச் சமாளிக்கிறேன்"ன்னார். நானும் மகனும் பிடுங்கினோம். பாதி முற்றாத கிழங்கு. மத்தியானம் அவர் வண்டியைக் கிளப்பியபோது எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் எழுதவில்லையே. வந்து நில்லுங்கள் என்றுதானே எழுதினேன். உங்கள் கை சுத்தமாகிவிட்டது. இங்கே கிளினிக்கும் இல்லை, தோட்டமும் இல்லை. மகனுக்கு இரண்டாவது கல்யாணம் ஆகி, இந்தப் பெண்ணும் மூன்று மாதக் கர்ப்பம்.

நாளை எல்லாரும் தக்கோராடிக்குப் போகிறோம். மீன் புகைபோடும் இடத்தில் வேலை இருக்கிறதாம். இந்த முகவரிக்கு எழுதினால் எங்களுக்கு வந்து சேராது. புது முகவரியை நான் எழுதப்போவதில்லை.

இப்படிக்கு,
அராபா எடுஃபுல்