இளையகோ கேட்ட நாழிகைக் கிண்ணம்

திரு நிலைக்க. திண்மை நிலைக்க. நீர் தன் எல்லையில் நிற்க.

தாழைநாடு உடையவரும், ஏழு கழிகளுக்கும் காவல் பூண்டவரும், நண்டு முத்திரைக்கு உரியவருமான அரசி எழிற்பாவை நாச்சியார், வடகரைக் கோட்டத்தை நம் பொருட்டு ஆண்டுவரும் தம்பி இளையகோ செழுங்கோவுக்கு விடுக்கும் ஓலை. அங்கே உனக்கும், உன் மனையாட்டிக்கும், பிறந்து இன்னும் பெயரிடப்படாத எம் மருமகளுக்கும் நலம் உண்டாவதாக.

இவ்வோலையை முழுதும் படிக்கும் முன் ஒரு காரியம் செய். உன் ஓலையில், புன்னைத்துறைக் குடியிருப்பார் மூவர் வந்து, ஆடு ஈன்றதையும் சுரைக்கொடி காய்த்ததையும் முற்பகல் முழுவதும் பேசி உன் பொழுதை வீணாக்கினார்கள் என்றும், வாயில்காவலரைக் கொண்டு அவர்களை வெளியே அனுப்பிவிட்டாய் என்றும் எழுதியிருந்தாய். அம்மூவரையும் தேடிக் குதிரைகளை இப்போதே அனுப்பு. அனுப்பிவிட்டு வந்து உட்கார். மிச்சத்தைப் படி.

உன் நாள் உனக்குப் போதவில்லை என்கிறாய். விடிந்ததும் வழக்காளிகள் சூழ்ந்துகொள்கிறார்கள், மகள் விழித்திருக்கும்போது அவளை ஒருநாளும் பார்த்ததில்லை, மனையாட்டி முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்கிறாய். இதற்கெல்லாம் மருந்தாக, நம் ஓலைநாயகம் கோதைநல்லாளையும் அவருடைய நாழிகைக் கிண்ணத்தையும் அனுப்பும்படி கேட்கிறாய். அவர் அந்தக் கிண்ணத்தோடு எப்படி வாழ்ந்தார் என்பதை அவர் வாயாலேயே முன்பே கேட்டிருக்கிறோம். அதைக் கேட்டபின் உனக்கு அது வேண்டுமா என்று நீயே சொல்.

கோதைநல்லாள் சிறுகழியில் பிறந்தவர். எழுத்தறிவால் இளமையிலேயே தலைநகருக்கு வந்து, இங்கேயே மணமுடித்து, நமக்கு வரும் ஓலைகளையெல்லாம் படித்துச் சொல்லும் பதவிக்கு உயர்ந்தவர். வழக்காளிகளை முதலில் கேட்டு நம்மிடம் அனுப்புவதும் அவர் பணியே. பதவியேற்ற புதிதில் அவர் நிலை இன்று உன் நிலைதான். ஒருவர் பேசத் தொடங்கினால் அவர் பாட்டன் காலத்து வரப்பிலிருந்து தொடங்குவார். கடைசியில் நின்றவர் சொல்லாமலே வீடு திரும்புவார். கோதைநல்லாள் வீட்டுக்குப் போகும்போது மகள் உறங்கியிருப்பாள். பால் கட்டிய மார்போடு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாராம். தம்மை ஊரே சிறிது சிறிதாகத் தின்று தீர்ப்பதுபோல் அப்போது தோன்றியது என்றார்.

அதன்பின்தான் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். அடியில் ஊசித்துளை இட்ட செப்புக் கிண்ணம். தொட்டி நீரில் மிதக்க விட்டால் துளைவழி நீரேறி அமிழும். அமிழ்ந்ததும் சேகண்டி ஒலிக்கும். பேசியவர் எழ வேண்டும், அடுத்தவர் அமர வேண்டும். அரசியின் உறவோ ஓலைநாயகத்தின் உறவோ, எவருக்கும் ஒரே கிண்ணம். வரிசை நகர்ந்தது. சொல்லாமல் திரும்பியவர் ஒருவரும் இல்லை என்று நாமும் மகிழ்ந்தோம்.

வீட்டிலும் ஒரு கிண்ணம் வைத்தார். விளக்கேற்றியபின் மாமியாருக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, விருந்தினர் இருந்தால் அவருக்கு ஒன்று. பிறகு மறுநாளைக்குரிய ஓலைகள். வீட்டார் முதலில் மகிழ்ந்தார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். "முன்னே மருமக மூஞ்சியே தெரியாது. இப்போ கிண்ணத்தளவாவது தெரியுதே" என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொன்னாராம். மகள் தன் கிண்ணத்தில் கதை கேட்டாள். கதை பாதியில் நின்றாலும் அழாமல் படுக்கப் பழகிக்கொண்டாள். அவள் அழாததில் கோதைநல்லாளுக்குப் பெருமையும் இருந்தது.

ஆனால் உள்ளுக்குள் ஒன்று மாறிக்கொண்டிருந்தது, அவரே அறியாமல். சேகண்டி ஒலிக்கும் கணம் அவருக்கு இனித்தது. ஒரு காரியம் முடிந்தது, ஒரு முகம் போனது என்ற அந்த இனிப்புக்காகவே அடுத்தவரை அழைத்தார். பேசுகிறவர் வாயைவிடக் கிண்ணத்தின் விளிம்பையே அவர் கண் நாடிற்று. கணவர் பேசும்போதும் அப்படித்தான். மகள் பேசும்போதும் அப்படித்தான்.

கழிமுகத்தாரின் வழக்கம் ஒன்று உண்டு. அதை நீ அறியாய். அறிந்திருந்தால் அம்மூவரை அனுப்பியிருக்கமாட்டாய். அவர்கள் கெட்ட சேதியை முதலில் சொல்லமாட்டார்கள். முதலில் நல்ல சேதி வைக்க வேண்டும். அதற்கு நல்வாய் என்று பெயர். சொல்லப்போகும் கேடு எவ்வளவு பெரிதோ, நல்வாயும் அவ்வளவு நீள வேண்டும். வேறு கூரைக்குக் கீழே போனால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கேட்பவர் இடைமறித்து, கெட்டது என்ன என்று வினவக்கூடாது. வினவினால் கேட்டைத் தம் வீட்டுக்கு அழைத்ததாக ஆகிவிடும். சொல்பவரும் அதன்பின் வாய்திறக்கமாட்டார்.

சென்ற மழைக்கு முன், சிறுகழியிலிருந்து கோதைநல்லாளின் தங்கை அலரி கைக்குழந்தையோடு வந்தாள். ஓலைநாயகத்தின் தங்கை போனால் காரியம் நடக்கும் என்று ஊரார் அனுப்பியிருந்தார்கள். கடல்நீரைத் தடுக்கும் கரையில் அடிமண் அரிக்கப்பட்டு, நண்டு வளைபோல் உள்ளே குடைந்திருந்தது. அதைச் சொல்லத்தான் அவள் வந்தாள்.

எல்லோரையும்போல் வரிசையில் நின்றாள். தங்கை வரிசையில் நிற்பதை ஊர் பார்க்கட்டும் என்று கோதைநல்லாளும் விட்டுவிட்டார். முறை வந்ததும் அலரி உட்கார்ந்து, வலையில் இம்முறை நல்ல மீன் விழுந்தது என்றாள். பக்கத்து வீட்டுக்காரியின் இடுப்பு நோவு தீர்ந்தது என்றாள். புதுப்படகுக்கு மஞ்சள் பூசிய நாளில் மழை பெய்யவில்லை என்றாள். கிண்ணம் அமிழ்ந்தது. மீதியை வீட்டில் பேசலாம் என்று கோதைநல்லாள் எழச் சொன்னார். தங்கை தம்மைக் காணத்தான் வந்திருக்கிறாள், ஊர்க்கதை பேச முறையை வீணடிக்கிறாள் என்று சற்றே எரிச்சலும் பட்டார். அந்த ஊரில் பிறந்தவராயினும், கிண்ணத்தையே பார்த்திருந்த அவருக்கு அது நல்வாய் என்று தோன்றவே இல்லை.

மாலையில் வீட்டில் விருந்தினர் கிண்ணம் வைக்கப்பட்டது. அலரி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறோம்: "ஏ அக்கா, ஒன் வீட்டுச் சோறும் இந்தக் கிண்ணத்தப் பாத்துத்தான் வேகுமா? மாமா மூச்சு விடுறதுக்காவது தனிக் கிண்ணம் உண்டா?" மாமியார்கூடச் சிரித்தாராம். கோதைநல்லாள் சிரிக்கவில்லை; அவர்கள் சிரிக்கும் நேரத்திலும் கிண்ணத்தில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. புதுக்கூரை என்பதால் அலரி மறுபடி மீனிலிருந்து தொடங்கினாள். வேகமாகத்தான் சொன்னாளாம், மூச்சு வாங்க. கிண்ணம் அமிழ்ந்தது. கோதைநல்லாள் ஓலைகளை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். விடிந்தபோது அலரி கிளம்பியிருந்தாள். கழியில் நீரேற்றத்தோடுதான் படகு போகும்; அது எவருக்கும் காத்திராது.

அன்று தங்கையின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டோம். நினைவில்லை என்றார். "கிண்ணத்தோட விளிம்புல நீர் வளைஞ்சு நின்னு, உள்ள விழப்போற அந்த நேரம் நல்லா ஞாபகம் இருக்குது, நாச்சியாரே. அவ முகம் இல்ல." இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. அழுதிருந்தால் எமக்கு எளிதாக இருந்திருக்கும்.

மழை வந்தது. சிறுகழிக் கரை உடைந்ததும், ஊரில் பாதிக்குமேல் போனதும் நீ அறிவாய். எஞ்சியோரை உன் புன்னைத்துறையில் குடியேற்றியதும் நம் ஆணையால்தான்.

அங்கே போகும் வழியில் அலரியின் கணவன் சுறவன், சேதி சொல்ல இங்கே வந்தான். வரிசையில் நின்றே வந்தான். கோதைநல்லாள் கிண்ணத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். அவன் எதிரே உட்கார்ந்தான். வாயைத் திறந்தான், மூடினான். நல்வாய் வைக்க அவனிடம் ஒரு நல்ல சேதியும் இல்லை. கேட்கக்கூடாது என்பதால் அவரும் கேட்கவில்லை. காத்திருந்தவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு அடங்கினார்கள். வெயில் ஏறி இறங்கிற்று. அப்போதுதான் தாம் முதல்முறையாக ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததாகக் கோதைநல்லாள் சொன்னார். தங்கை இருக்கிறாளா என்பது ஒன்றே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதையும் அந்த முகத்திலிருந்து படித்துவிட்டார். ஆனாலும் அவன் சொல்லும்வரை எழவில்லை.

பொழுது சாயும்போது அவன் சொன்னான்: "புள்ளைக்கு ஒரு பல்லு மொளச்சிருந்துச்சு, மதினி. அலரி எல்லாருக்கும் காட்டுனா." அவ்வளவு பெரிய கேட்டுக்கு அவனால் வைக்க முடிந்த நல்வாய் அவ்வளவுதான். பிறகு மீதியைச் சொன்னான். தாயும் பிள்ளையும் கிடைக்கவில்லை.

கோதைநல்லாள் தம் பதவியைப் பறிக்கும்படி வேண்டினார். நாம் மறுத்தோம். இப்போது எல்லோரையும் அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறார். வரிசை வீதிவரை நீண்டுவிட்டது. சொல்லாமல் திரும்புகிறவர்கள் மறுபடியும் இருக்கிறார்கள். வீட்டில் மகள் உறங்கியபின்தான் போகிறார். கணவர் ஒன்றும் சொல்வதில்லை. அந்தச் சொல்லாமையையும் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் போலும். இதை வழி என்று உனக்கு நாம் காட்டவில்லை. கிண்ணம் இருந்த நாளும் கிண்ணம் இல்லாத நாளும் ஒருத்தியை எப்படித் தின்றன என்பதை மட்டும் எழுதுகிறோம்.

உன் பொழுதைப் பற்றி எமக்குத் தெரிந்தது இது. நீ கேட்கவேண்டிய பேச்சைக் குறைக்காதே. உன்னிடம் வரவேண்டாத காரியத்தைக் குறை. ஒவ்வொரு குதிரைக்கும் நீயே நின்று பெயர் வைக்கிறாயாம். கூத்தர் இருவரில் எவர் முன்னே ஆடுவது என்ற பூசலையும் நீயே தீர்க்கிறாயாம். அவற்றையெல்லாம் உன் கீழ் உள்ளவரிடம் கொடு. அவர்கள் தவறாகத் தீர்த்தால் குதிரைக்குப் பொருந்தாத பெயர் இருக்கும், அவ்வளவுதான். அந்தப் பொழுதில் பாதியை எம் மருமகளுக்குக் கொடு. அவள் விழித்திருக்கும் வேளை உனக்குத் தெரியாவிட்டால் உன் மனையாட்டியைக் கேள். அவள் முகம் கொடுக்காவிட்டால், கொடுக்கும்வரை அங்கேயே இரு. மீதிப் பாதி குடிகளுடையது.

கோதைநல்லாளை அனுப்பமாட்டோம் என்றுதான் எழுத நினைத்தோம். ஆனால் உன் ஓலையை நமக்குப் படித்துச் சொன்னவர் அவர்தான். உன் குறைகளையெல்லாம் தடங்கலின்றிப் படித்துவந்தவர், அம்மூவரைப் பற்றிய வரியில் நின்றார். மீண்டும் படித்தார். முற்பகல் முழுவதும் என்ற சொல்லின்மேல் விரலை வைத்தார். "முழுசும் நல்வாயா" என்று மட்டும் சொன்னார். ஓலையை எம் மடியில் வைத்தார். விடை கேட்கவில்லை, வணங்கவும் இல்லை. படகுத்துறைக்கு நடந்துவிட்டார். வாயிலில் காத்திருந்தவர்கள் தம் முறை என்னவாகும் என்று கேட்டதற்கும் திரும்பவில்லையாம். இவ்வோலையை வேறு கை எழுதுகிறது.

கடற்காற்று எதிர்த்து வீசுகிறது. அவர் படகு முந்துமா, இந்தக் குதிரை முந்துமா, அல்லது இரண்டையும் உங்கள் பக்கத்து மழை முந்திவிடுமா என்று எம்மால் சொல்லமுடியாது. ஒரு முற்பகலும் போதாத கேடு எவ்வளவு பெரியது என்பதை எண்ணிப் பார்க்க எமக்கு அச்சமாக இருக்கிறது. அது கரைதானா என்பதும் தெரியாது.

ஆகவே ஆணை. அம்மூவர் கிடைத்தால் உன் அவைக்கு அழைக்காதே; அவர்கள் கூரைக்குக் கீழே நீ போ. கரையையும் கழியையும் மலையோரத்தையும் பார்த்துவர ஆட்களை அதே வேளையில் அனுப்பு. உன் மண்வெட்டிக்காரரும் மரக்கலங்களும் ஆயத்தமாக நிற்கட்டும். கோதைநல்லாள் முன்னே வந்து சேர்ந்திருந்தால் அவருக்கு மாலையும் மரியாதையும் செய்து நேரம் போக்காதே. அவர் பக்கத்தில் ஓர் இடம் கேட்டு உட்கார். ஆடு ஈன்றது என்று தொடங்குவார்கள், சுரை காய்த்தது என்பார்கள். எழாதே. எதிர்க்கேள்வி கேட்காதே. வாசலைப் பார்க்காதே, சொல்பவர் முகத்தைப் பார். அவர்களிடம் நல்ல சேதி தீரும்வரை அங்கேயே இரு.

எம் நண்டு முத்திரை இதன்மேல் இட்டோம். படித்த கை ஓலையைக் கட்டுமுன் கால் புறப்படுவதாக.