அறுநூற்றுப் பதினெட்டாம் கணக்கு

ஹனோவர், 20 நவம்பர் 1983

அன்பு மகள் கெசீனேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், என் கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர. உன் சுகத்துக்கும் உன் பட்டறையின் சுகத்துக்கும் பதில் போடு. கனடாவில் இதற்குள் பனி கொட்ட ஆரம்பித்திருக்கும், பாய்மரம் நிறுத்த மேலே ஏறும்போது கையுறை போட்டுக்கொள், பிடி நழுவும் என்று சாக்குச் சொல்லாதே. இங்கேயும் முதல் உறைபனி விழுந்தாயிற்று, அதனால் உறைபனி பட்டால்தான் ருசிக்கிற கோஸ்கீரையும் சாசேஜும் தொடங்கிவிட்டோம், அப்பா மூன்று தட்டு இறக்கிவிட்டு வயிறு சரியில்லை என்கிறார். ரொட்டிக் கடையில் இன்னும் என்னை 'புரொஃபசர் அம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், புரொஃபசரான உன் அப்பாவுக்கு ரொட்டி விலைகூடத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

இதையெல்லாம் சொல்ல நான் உட்காரவில்லை. பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் யாரும் வாயில் எடுக்காத அந்த 618-ஆம் கணக்கைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் விடைதான் சரி. நீ போட்ட 18 சரி. இதை அப்பாவே உனக்குச் சொல்ல வேண்டும் என்று மூன்று வாரமாக நான் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல, முதலிலிருந்து சொல்கிறேன், உட்கார்ந்து படி.

பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் கிரேன் சோதனை செய்து ஓய்வு பெற்ற ப்ரூன்யெஸ் என்று ஒருவர் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். ஓய்வு பெற்றவர்கள் ரோஜாச் செடி வைப்பார்கள், மனைவியோடு சண்டை போடுவார்கள், இந்த மனிதர் அப்பாவின் இயக்கவியல் புத்தகத்தை வாங்கி, காலைக் காபி முடிந்ததும் தினம் ஒரு கணக்குப் போடுகிறாராம், ஞாயிறு விடுமுறை. இரண்டு வருஷத்தில் 618-க்கு வந்து சேர்ந்திருக்கிறார். அதுவரை போட்ட 617-ம் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விடையோடு ஒத்துப்போனதாம், இந்தக் கிரேன் கணக்கில் மட்டும் கயிற்றின் இழுப்பு 24 என்று புத்தகம் சொல்கிறது, தனக்கு மூன்று தடவை போட்டும் 18-தான் வருகிறது, நாற்பது வருஷம் கிரேனுக்கு அடியில் நின்றவன் மரியாதையோடு கேட்கிறேன் என்று எழுதியிருந்தார். அப்பா சிரித்தார். எடையே இல்லாத கிரேன் கை, உராய்வே இல்லாத கப்பி, இதெல்லாம் துறைமுகத்துக்காரர்களுக்கு எட்டாது என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் தள்ளினார்.

எனக்குத்தான் சுருக்கென்றது. கடைசிப் பக்கங்களின் விடைகளைப் போடுவது யார் என்று உனக்குத் தெரியும். ஏழு பதிப்பின் முன்னுரையிலும் 'பொறுமை காத்த என் மனைவிக்கு நன்றி' என்று எழுதியிருக்கிறார், அந்தப் பொறுமை சமையலறை மேசையில் உட்கார்ந்து தொள்ளாயிரம் கணக்குப் போட்டது என்று ஒரு வரி எழுதவில்லை. 'எளிதில் காணலாம்' என்று அவர் எழுதிய இடத்திலெல்லாம் அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆகும். நிலவறையிலிருந்து என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன், 24 சரியாகத்தான் இருந்தது, கொக்கி தூணிலிருந்து நாலு மீட்டர். அச்சான புத்தகத்தைப் பிரித்தேன், கொக்கி மூன்று மீட்டரில் தொங்குகிறது, அதற்கு 18-தான் வரும்.

அப்பாவிடம் கேட்டேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னார், நாலாம் பதிப்பில் அந்தப் படம் கட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம், அழகாக இல்லை என்று கொக்கியை ஒரு மீட்டர் உள்ளே இழுக்கச் சொன்னாராம். அளவை நாலு என்றே விட்டிருக்கலாமே என்றேன். “மூணு மீட்டர்ல வரைஞ்சிட்டு நாலுன்னா எழுதச் சொல்ற? பொய் அளவு போடுற ஆளா நான்?” என்றார். படத்துக்கு அவ்வளவு நேர்மை. என்னிடமோ விடைப் பக்கத்திடமோ சொல்லத் தோன்றவில்லை.

பதினைந்து வருஷமாக நாடு முழுக்கப் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போட்டு 24 கொண்டுவந்திருக்கிறார்கள், கெசீனே. அச்சில் இருப்பது தப்பாகுமா, தாங்கள்தான் தப்பு என்று முட்டி மோதி எங்கேயோ ஒன்றைக் கூட்டி எதையோ பெருக்கி 24-க்கு வந்துவிட்டார்கள். அப்பாவின் உதவியாளர் ஒருவர் ஒன்றரைப் பக்கத்தில் அதை நிரூபித்தே காட்டினார், இன்று அவரும் புரொஃபசர். நீ ஒருத்திதான் 18-ஐ விடாமல் மூன்று நாள் நோட்டோடு அப்பா பின்னால் அலைந்தாய். அவர் உன் நோட்டைத் திறக்கவே இல்லை, சமையலறையில் நின்றபடி விடைப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு உனக்கு மெக்கானிக்ஸ் வராது என்றார். வசந்தம் வருவதற்குள் நீ கல்லூரியை விட்டுக் கப்பல் ஏறிவிட்டாய்.

அவளுக்கு எழுதுங்கள் என்றேன். எட்டாம் பதிப்பில் திருத்திவிடலாம் என்றார். டெலிபோன் செய்யுங்கள் என்றேன், கனடாவுக்கு ரொம்பச் செலவாகும் என்றார். அவள் நிறுத்தும் பாய்மரங்கள் நன்றாகத்தானே நிற்கின்றன, இப்போது எதற்குக் கிளறுவது என்றார். சரி என்று எட்டாம் பதிப்புக்கான புதுக் கணக்குகள் நூற்று நாற்பதையும் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன், விடைகளை அவரே போடட்டும், எனக்குப் பல் வலி. ஒரு வாரத்தில் ஒன்பது போட்டார், அதில் இரண்டு ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு டைப் அடித்து ஒரு தாளோடு வந்தார். மன்னிப்புக் கேட்பது அவர் பரம்பரையில் இல்லை, ஆனால் புத்தகத்தில் பிழை என்றால் பிழைதிருத்தத் தாள் போடுவார்கள், அதைத்தான் போட்டிருந்தார். 'பக்கம் 287, படத்தில் 3 மீட்டர் என்பதை 4 மீட்டர் என்று வாசிக்கவும்.'

யோசித்துப் பார், கண்ணு. படத்தைத் திருத்தினால் புத்தகத்தின் 24 சரியாகிவிடும், உன் 18 மறுபடியும் தப்பாகிவிடும். தாளைத் திருப்பிக் கொடுத்தேன். “விடையைத் திருத்துங்க,” என்றேன். “உன் விடை சரிதானே இர்மி, அதையா தப்புன்னு அச்சடிக்கச் சொல்ற?” என்று கேட்டார். என் விடை போனால் போகட்டும், பெண்ணின் விடை நிற்கட்டும் என்றேன். தாளை வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இத்துடன் இருப்பது இரண்டாவது தாள். முதல் வரி: 'விடை 24 என்பதை 18 என்று வாசிக்கவும்.' இரண்டாவது வரியை அவர் கையாலேயே எழுதியிருக்கிறார்: '1971 டிசம்பர், சமையலறையில் நூலாசிரியர் தம் மகளிடம் சொன்ன வாக்கியம் நீக்கப்படுகிறது.' இவ்வளவுதானா என்று கேட்டேன், பிழைதிருத்தத்தில் காரணம் எழுதும் வழக்கமில்லை என்றார். அப்புறம் கதவருகில் நின்றுகொண்டு, “அவ இதைப் படிப்பாளா?” என்று கேட்டார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. பதிலை அப்பா பெயருக்கே போடு, மறந்துவிடாதே.

அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதியாயிற்று, இனி என்னைப் பற்றி. அந்த டிசம்பரில் நீ என்னிடமும் வந்தாய். நானே போட்ட விடை, தப்பாகாது, போய் மறுபடி போடு என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நோட்டை வாங்கி ஒரு பார்வை பார்த்திருந்தால் நீ வரைந்த படத்தில் மூன்று மீட்டர் என்று இருப்பது என் கண்ணில் பட்டிருக்கும். அரை நிமிஷ வேலை. என்னை மன்னித்துவிடு. கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்றைக்கு உன் நோட்டைப் பார்க்காத அம்மா
இர்ம்கார்ட்