நீயும் ஏறுற வண்டி

கோவக்காரிக்கு,

நீ நல்லா தூங்கிட்டிருந்த, எழுப்பல. முட்டை அவிச்சு மூடி வச்சிருக்கேன். சாவி உன் செருப்புக்குள்ள கெடக்கு, உதறிட்டு மாட்டு.

சாயங்காலம் வண்டி புரோக்கர் வருவாரு. நான் புடிச்ச பெரிய பிக்கப் வேண்டாம்னு சொல்லிடு. நீ சொன்னதையே முடி.

"இழுத்தா மட்டும் போதுமாய்யா? முதுகு தாங்க வேணாமா?"ன்னு நேத்து நீ கேட்டதுக்குக் கத்திட்டேன். காலையில உக்காந்து, ரெண்டு வண்டிக் கதவுலயும் ஒட்டியிருந்த, எவ்வளவு சுமக்கும்ங்கிற எடைக் கணக்க போட்டோவுல படிச்சேன். நான் புடிச்ச வண்டி மலையையே இழுக்கும்தான். ஆனா பொக்லைன் ஏத்துன டிரெய்லர் கொக்கியில அழுத்துற மூக்கு பாரம் பிக்கப் முதுகுலதானே உக்காருது. அதோட டீசல், சாமான், நான். அவ்வளவுதான், நீ ஏறினா தாங்காது. நீ சொன்ன வண்டி கொஞ்சம் கம்மியா இழுக்கும், ஆனா நம்ம பொக்லைனுக்கு அது தாராளம். முதுகும் கெட்டி.

ஊரு விட்டு ஊரு வந்து, சைட்டு சைட்டா தனியா ஓட்டி, ரேடியோகூட பேசிப் பேசி அலுத்துப்போச்சு. பக்கத்துல உக்காந்து நீ திட்டிட்டே வா.

அப்புறம் ஒண்ணு: உன் எடைய அஞ்சு கிலோ கொறச்சுப் போட்டும் பாத்தேன். அப்பவும் என் வண்டி உன்னை ஏத்திக்க மாட்டேங்குது. அது எனக்கு எதுக்கு?