அம்மா போட்ட கணக்கின் முறை

அன்பு மகளுக்கு,

அம்மா சூப்பர் கம்ப்யூட்டர் வரிசையில் போட்டுவிட்டுப் போன கணக்கு இன்று காலை ஓடத் தொடங்கிவிட்டது. சொன்னவர் அந்த மையத்து என்ஜினீயர், பிறகு நானே போய்த் திரையில் அவள் பெயரைப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று மட்டும் எழுதுகிறேன், நீயும் அந்த அளவிலாவது இருந்தால் போதும்.

என்னுடையது நிருபர் புத்தி, புரிந்தவரை எழுதுகிறேன், உன் துறைதானே, தப்பிருந்தால் திருத்து. அவள் கணக்கில் இரண்டு விண்மீன் மண்டலங்கள் மோதும் இடம் வந்தாலே முன்பெல்லாம் எண்கள் தறிகெட்டு எல்லாம் நின்றுபோகும். கடைசியாகப் போனில் நீ, "அங்க மட்டும் காலத்தை இன்னும் பொடியா வெட்டணும்மா, இல்லேன்னா தாண்டாது" என்றாய். அவள், "போடி, அப்படி வெட்டினா ஓடி முடியவே மாட்டாது, உன் பேத்திதான் விடையைப் பார்ப்பா" என்று வைத்துவிட்டாள். சண்டையோடு போய்விட்டாளே என்று நீ அழுதது எனக்குத் தெரியும். அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, நீ சொன்னபடியே மாற்றித்தான் அனுப்பினாள். "அவகிட்ட சொல்லிடாதீங்க, தலைக்கனம் ஏறிடும்" என்றாள். ஆபரேஷனுக்கும் அப்போது காத்திருந்தோம். "இங்கயும் வரிசை, அங்கயும் வரிசை, எது முதல்ல கூப்பிடுதுன்னு பார்ப்போம்" என்று நர்ஸம்மாவையும் சிரிக்க வைத்தாள். ஆஸ்பத்திரிதான் முதலில் கூப்பிட்டது.

ஆள் இல்லையென்றால் கணக்கையும் நிறுத்திவிடுவார்களோ என்று பயந்துதான் போனேன். என்ஜினீயர், "அக்கா நின்னு வாங்கின முறை சார், குழுவுல ஒருத்தர் பொறுப்பேத்துக்கிட்டாங்க, ஓடட்டும்" என்றார். அந்தக் கம்ப்யூட்டர் கூடத்தின் இரைச்சலில் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வேலை மேசையிலேயே சாப்பிடாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள். எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு, அவளுடையதையும் நானே சேர்த்து எழுதுகிறேன்.

மோதும் இடத்தைத் தாண்டுமா என்பது மட்டும் இன்னும் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் தெரியுமாம். நின்றாலும் முடிந்தாலும் தகவல் அம்மா போனுக்குத்தான் வரும், அவள் கொடுத்திருப்பது அந்த எண்தான். அணைக்காமல் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன். அதுவரை பழக்கதோஷத்தில் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுவிடாதே, சத்தம் கேட்டால் ஓடிவந்துவிடுவேன்.

உன் அப்பா