ராணியின் தொட்டியில் ஐஸ்

ஜனவரி, செவ்வாய் இரவு. பள்ளிவாசல் மலைக்கிராமம்.

எங்கள் சவாரிக் குதிரை ராணி காலையில் தண்ணீர் குடிக்கவில்லை. நேற்று படுக்கப் போகும்போது வெந்நீர் கலந்து, தொட்டியைப் பலகையால் மூடி, மேலே சாக்கும் போட்டிருந்தேன். விடிந்து பார்த்தால் பலகை சுவரில் சாய்ந்து நிற்கிறது. தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஐஸ். டூரிஸ்ட்டுகள் சுற்றி நின்று போட்டோ எடுக்கிறார்கள்.

திறந்து வைத்தது என் கொழுந்தன் ஜெபராஜ். உறைபனி காட்டுகிறேன் என்று ஜீப்பில் ஆள் ஏற்றி வருபவன். புல்லில் பனி இல்லாவிட்டால் தொட்டியையாவது காட்டலாம் என்று ராத்திரியே பலகையை எடுத்திருக்கிறான்.

"வாயில்லா சீவன் தண்ணி குடிக்க வேணாமா? வயிறு கட்டிக்கிட்டா நீயா பாப்ப?" என்றேன்.

"ஐஸ் பாக்கத்தான மதினி ஆளு வருது. ஆளு வந்தாத்தான ராணிக்குச் சவாரி" என்றான்.

ஐஸை உடைத்து வெந்நீர் ஊற்றினேன். ராணி மூக்கை மட்டும் நனைத்துக்கொண்டாள். அதற்குள் போட்டோ எடுத்தவர்கள் சவாரி கேட்டு வந்துவிட்டார்கள். நான்தான் கயிற்றைப் பிடித்து நடத்திப் போனேன். வெயில் நன்றாக ஏறிய பிறகே அவள் குடித்தாள். அதுவரை எனக்கும் சோறு இறங்கவில்லை.

இன்றைக்குப் பலகையைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டேன். அவிழ்க்கட்டும் பார்க்கலாம். அப்புறம் துணி அலசும் அகலப் பேசினில் தண்ணீர் பிடித்து, முற்றத்தில் பனியில் திறந்து வைத்துவிட்டு வந்தேன். அவன் வைக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் வைத்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் எரிச்சலாக வருகிறது.